முந்நூற்றுப் பன்னிரண்டு வகுத்தல் பூஜ்யம்

பதினோரு வருஷமாக ஒரு தப்புக்கூடப் போடாத ஒருத்தி, வேண்டுமென்றே ஒரு தப்புப் போட நினைத்தால் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பது பட்டவளுக்குத்தான் தெரியும். அந்த வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்குப் பச்சை மை அக்கா நான்காம் மேசையில் உட்கார்ந்துகொண்டு, கணக்கு இயந்திரத்தின் வகுத்தல் கட்டைமேல் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். அழுத்துடி, அழுத்துடி என்று மனசு பிடரியைப் பிடித்துத் தள்ளியது. விரல் கேட்க வேண்டுமே!

அது மழைக் கணக்கு அலுவலகம். எங்கெங்கோ மழைமானி வைத்திருப்பவர்கள் எழுதி அனுப்பும் தாள்களெல்லாம் அங்கேதான் வந்து குவியும். இரண்டாம் மாடியில் ஒரு நீள அறை, ஆறு மேசை, ஆறு பெண்கள், ஆறு இயந்திரம். ஒவ்வொன்றையும் நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். பின்னால் மின்சார வயர், முன்னால் வரிசை வரிசையாகக் கட்டைகள், மேலே எண் சக்கரங்கள் எட்டிப் பார்க்கும் சின்னச் சின்ன ஜன்னல்கள். ஆறும் ஒன்றாக ஓடினால் முதல் மாடியில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

மழைக் கணக்கில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் பூஜ்யத்துக்குப் பஞ்சமே வராது. கூட்டலில் பூஜ்யம் வந்தால் இயந்திரம் கடனே என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இருந்த எண்ணையே திரும்பக் காட்டும். கழித்தாலும் அதே கதைதான், ஒரு சுற்று வெட்டி வேலை. பெருக்கும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும். ஆறு மாத மழையை ஜன்னல் ஜன்னலாக நிறுத்தி வைத்துப் பூஜ்யத்தால் பெருக்கினால், கண் மூடித் திறப்பதற்குள் எல்லா ஜன்னலிலும் முட்டை. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். வகுத்தல் இருக்கிறதே, அதுதான் வேண்டாத வம்பு.

பெய்த மொத்த மழையை மழை பெய்த நாட்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு மழை நாளுக்கு எவ்வளவு என்ற சராசரி கிடைக்கும். சொட்டு மழைகூட இல்லாத மாதத்தில் மழை நாள் பூஜ்யம். அந்த வரி வந்தால் யாரும் இயந்திரத்தைத் தொடக் கூடாது, தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். சுவரில் தகரப் பலகையே மாட்டியிருந்தார்கள்: 'வகுக்கும் இடத்தில் பூஜ்யம் வந்தால் கட்டையிலிருந்து கையை எடுக்கவும்.' எடுக்காவிட்டால் இயந்திரம் ஓட ஆரம்பிக்கும். ஓடிக்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் நிற்கும், ஆனால் சக்கரங்கள் பாதிச் சுற்றில் மாட்டிக்கொண்டு அசையாது. அதற்கப்புறம் மெக்கானிக் வந்துதான் திருப்புளியால் விடுவிக்க வேண்டும்.

அந்த மெக்கானிக்தான் இந்தக் கதைக்குக் காரணம்.

அவர் திங்களும் வியாழனும் வருவார். காலை பத்து முதல் மாலை நான்கு வரை, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஒவ்வொரு இயந்திரத்தையும் கழற்றித் துடைத்து, தூரிகையால் தூசி தட்டி, மூக்கு நீண்ட குப்பியிலிருந்து எண்ணெய் விடுவார். நாற்பது வயசு, கூச்ச சுபாவம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெல்லிய தூரிகை. நான்காம் மேசைக்கு வந்தால் மட்டும் ஒரு கேள்வி கேட்பார்.

"எப்படி ஓடுது?"

"ஓடுது" என்பாள் பச்சை மை அக்கா.

இரண்டு வருஷமாக இவர்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சுவார்த்தை இவ்வளவுதான். கேள்விக்கு இரண்டு சொல், பதிலுக்கு ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காக அவள் திங்கட்கிழமைகளில் தலையை இரண்டு தடவை வாரிக்கொண்டு வந்தாள் என்பது வேறு விஷயம்.

அறையிலுள்ள மற்ற ஐந்து பேரும் அவரை வாய் நிறைய 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். பச்சை மை அக்கா மட்டும் அவரை எப்படியும் கூப்பிட்டதில்லை. தும்முவாள், நாற்காலியை இழுப்பாள், தாளைச் சரசரவென்று புரட்டுவாள், அவரே திரும்பிப் பார்த்துவிடுவார். இதை யார் கவனித்தார்களோ இல்லையோ, மூன்றாம் மேசைக்காரி கவனித்துவிட்டாள். அவள் காதில் விழுந்தது அரை மணி நேரத்தில் கட்டடம் முழுக்க ஒலிபரப்பாகிவிடும். அதனால் அவளுக்கு வானொலி என்று பெயர்.

பச்சை மை என்ற பெயர் எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்த அலுவலகத்திலிருந்து எந்தக் கணக்கும் அவள் பார்க்காமல் வெளியே போகாது. வகுத்து வந்த விடையை வகுத்த எண்ணால் திருப்பிப் பெருக்குவாள். பழைய எண்ணே வந்தால் பச்சை மையில் ஒரு டிக். வராவிட்டால் தாள் போன வேகத்தில் திரும்பி வரும், பிரிவுத் தலைவர் எழுதியதாக இருந்தாலும் சரி.

பிரிவுத் தலைவருக்கும் ஒரு பெயர் உண்டு. தசமம். எந்த எண்ணாக இருந்தாலும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் 'இரண்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம்' என்று சொல்லக்கூடியவர் என்பார்கள்.

செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து தசமத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு கிளையும் மெக்கானிக் அரை வருஷத்தில் வேலை பார்த்த மணிகளை, அதே அரை வருஷத்தில் பழுதான தடவைகளால் வகுத்து, ஒரு பழுதுக்கு எத்தனை மணி என்று எழுதி அனுப்ப வேண்டும். நாற்பதுக்கு மேல் வந்தால் அந்த மெக்கானிக் அங்கே தேவையில்லை, எங்கோ இருக்கிற மலைக் கிளைக்கு மாற்றிவிடுவார்கள். கடைசித் தேதி அடுத்த வியாழன், அதுவரை ஆகும் பழுதும் கணக்கில் சேரும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, கோடு போடவும் கூடாது.

மணிக் கணக்குத் தாளைத் தசமம் அன்றே சரிபார்க்கக் கொடுத்தபோது பச்சை மை அக்கா சுற்றறிக்கையையும் சேர்த்துப் படித்தாள். வாரம் பன்னிரண்டு மணி, இருபத்தாறு வாரம், முந்நூற்றுப் பன்னிரண்டு மணி. பழுது? அந்த மனுஷர் குளிப்பாட்டிய இயந்திரங்கள் என்றைக்குப் பழுதாயின? முந்நூற்றுப் பன்னிரண்டை நாற்பதுக்குக் கீழே இறக்க எத்தனை பழுது வேண்டும் என்று மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்தாள். ஏழு போதாது. எட்டு இருந்தால் முப்பத்தொன்பது.

எட்டுப் பழுது வேண்டும். இருப்பதோ ஒன்பது நாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில் தப்புப் பண்ணிப் பழகினாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அப்பா சாப்பிட்டுவிட்டு "இன்னிக்கு நல்லாயிருக்கும்மா" என்றார். தப்புக்கூட அவளுக்கு ஒழுங்காக வரவில்லை.

இப்போது வியாழன், பத்தேகால். எதிரில் ஒரு வறண்ட நிலையத்தின் தாள். மழை பூஜ்யம், மழை நாள் பூஜ்யம். பச்சை மை அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினாள்.

இயந்திரம் ஒரு தடவை முனகியது. அப்புறம் பிடித்தது பார் ஓட்டம்! தட தட தட தட என்று சக்கரங்கள் பறந்தன. விடை ஜன்னல்களில் எண்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. மேசை விளிம்புக்கு நகர்ந்தது, பேனா உருண்டு கீழே விழுந்தது, பச்சை மைக் கூடு துள்ளியது. அறையே எழுந்து நின்றது.

"அக்கா! பூஜ்யத்துல கை வெச்சிட்டியா? நீயா?" என்று கத்தினாள் வானொலி.

மெக்கானிக் எண்ணெய்க் குப்பியோடு ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார். மூடியைக் கழற்றிக்கொண்டே, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மூன்றாவது சொல் பேசினார்.

"எதை எதால வகுத்தீங்க மேடம்?"

"பூஜ்யத்தைப் பூஜ்யத்தால."

"அதான். இந்த மெஷின் இருக்காளே, இவளுக்கு வகுக்கிறதுன்னா கழிக்கிறதுதான். கழிச்சுக்கிட்டே வருவா, இனிமே கழிக்க முடியாதுன்னு தெரிஞ்சா நிப்பா. பூஜ்யத்தைக் கழிக்கச் சொன்னா எவ்வளவு கழிச்சாலும் ஒண்ணும் குறையாது. எங்க நிக்கிறதுன்னு பாவம் அவளுக்குத் தெரியல."

"நான் பெருக்கித்தான் பார்ப்பேன்" என்றாள் பச்சை மை அக்கா. குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுத்து அஞ்சுன்னு எழுதினா, அஞ்சைப் பூஜ்யத்தால பெருக்கினா பூஜ்யம். சரியா வருது. ஒம்போதுன்னு எழுதினாலும் சரியா வருது. எதை எழுதினாலும் வரும்."

"அப்ப எதை எழுதுவீங்க?"

"எதையும் எழுத மாட்டேன். எல்லாமே சரின்னா அப்புறம் என்ன கணக்கு?"

அவர் திருப்புளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். அடேயப்பா, அந்தச் சிரிப்பு! இருபது நிமிஷம் அவர் அங்கேயே நின்று சக்கரம் சக்கரமாக விடுவித்தார். அந்த இருபது நிமிஷத்தில் அவருக்கு மழையில் நனையப் பிடிக்கும், கத்திரிக்காய் ஆகாது, தனியாக இருக்கிறார் என்று மூன்று பெரிய உண்மைகள் அவளுக்குத் தெரியவந்தன. ஒன்று ஆயிற்று, இன்னும் ஏழு என்று அவள் உள்ளுக்குள் துள்ளினாள்.

நான்கு மணிக்கு அவர் தம் வேலையைப் பதியும் ரிஜிஸ்டரை மூடிவிட்டுப் போனதும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். நான்காம் இயந்திரம், பழுதுக் கட்டத்தில் பூஜ்யம். அதைப் பார்த்ததும் மேற்கொண்டு படிக்க மனசில்லாமல் பட்டென்று மூடிவிட்டாள்.

கதவருகில் நின்றிருந்த வானொலி இடுப்பில் கை வைத்தாள்.

"இப்பச் சொல்லு அக்கா. பதினோரு வருஷம் பூஜ்யத்துப் பக்கமே போகாதவ இன்னிக்கு ஏன் போன? நாங்க எல்லாரும் அண்ணே அண்ணேங்கறோம், நீ மட்டும் ஏன் தும்மற?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவளிடம் சொன்னது ஐந்து மேசைக்கும் சொன்ன மாதிரி. ஒன்றை மறைத்தவர் ஆறையும் மறைக்க முடியுமா என்று வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் திட்டம் தயார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வானொலி தொண்டையைக் கனைத்தாள். ஆறு பெண்கள், ஆறு விரல், ஆறு வகுத்தல் கட்டை. ஒரே நேரத்தில் ஆறு இயந்திரமும் ஓடத் தொடங்கின.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தரை நடுங்கியது. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. இரண்டாம் மேசை நகர்ந்துபோய் ஒன்றாம் மேசையை இடித்தது. சுவரிலிருந்த தகரப் பலகை கழன்று விழுந்து, தட்டு மாதிரி ஒரு வட்டம் சுற்றிப் படுத்தது. மழைத் தாள்கள் மேசைகளிலிருந்து ஒவ்வொன்றாக வழுக்கி விழ, அதை எடுக்கக் குனிந்த ஆறாம் மேசைக்காரி சிரிப்பு அடக்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதல் மாடிக்காரர்கள் கட்டடம் இடிகிறதென்று தெருவுக்கு ஓடினார்கள். வாசலில் வந்து நின்ற தசமம் திருதிருவென்று முழித்தார். வாய் அசைந்தது, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே பெரிய நிம்மதி.

மெக்கானிக் ஓடி ஓடி ஆறு பிளக்கையும் பிடுங்கினார். அறை அமைதியானது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஆறு பேரையும் பார்த்தார்.

"ஆறு பேருக்கும் ஒரே நேரத்துலயா?"

"ஆமாண்ணே, கை தவறிடுச்சுண்ணே" என்றாள் வானொலி, பால் குடிக்கிற குழந்தை மாதிரி.

அன்று ஆறையும் விடுவிக்க நான்கு மணி ஆகிவிட்டது. மற்றவர்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்ப, அவர் ரிஜிஸ்டரைத் திறந்து பேனாவை எடுத்தார். பழுதுக் கட்டத்தில் வரிசையாக ஆறு பூஜ்யம். பக்கத்தில் நின்ற பச்சை மை அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"பழுதுன்னு எழுதுங்களேன்! போன வாரம் ஒண்ணு, இன்னிக்கு ஆறு. இன்னும் ஒண்ணே ஒண்ணு கிடைச்சா எட்டு. எட்டு இருந்தா முப்பத்தொம்போது. முப்பத்தொம்போதுன்னா..."

"நான் இங்கயே இருக்கலாம்" என்று அவர் முடித்தார். "தெரியும் மேடம். சுற்றறிக்கை எனக்கும் ஒண்ணு வந்துச்சு."

"தெரிஞ்சுமா பூஜ்யம் போடறீங்க?"

"மெஷின் தப்புப் பண்ணலையே. நீங்க கேட்டதை அது செஞ்சுது, அதுக்கு மேல ஒண்ணும் பண்ணல. நான் இருக்கணும்கிறதுக்காக இதுங்க தலையில பழியைப் போட எனக்கு மனசு வரல." ரிஜிஸ்டரை மூடினார். "ஆனா அந்த எட்டைத் தேடிக் கணக்குப் போட்டீங்களே. அது ரொம்ப..." என்று ஆரம்பித்து, காது சிவந்து, எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

பச்சை மை அக்காவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இப்படி ஒரு மடையன் உண்டா என்று ஒரு பக்கம் கோபம். இப்படி ஒருத்தரைத்தானே பதினோரு வருஷமாக டிக் போட்டுக்கொண்டே தேடினேன் என்று இன்னொரு பக்கம் சந்தோஷம். பேருந்தில் சந்தோஷம்தான் ஜெயித்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விட்டு, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தாள்.

வியாழன் வந்தது. தசமம் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் தலைமை அலுவலகப் படிவம், பக்கத்தில் ரிஜிஸ்டர்.

"ஐம்பத்திரண்டு நாள் பதிவு. பழுது மொத்தம் எவ்வளவுன்னு வரி வரியாப் பார்த்துக் கூட்டும்மா."

அவள் உட்கார்ந்து கூட்டினாள். பூஜ்யத்தோடு பூஜ்யம், அதோடு இன்னொரு பூஜ்யம். விரல் கீழே இறங்க இறங்கக் கூட்டுத்தொகை இம்மியும் நகரவில்லை. வரி வரியாகப் பார்க்கச் சொன்னாரே என்று குறிப்புப் பகுதியையும் படித்தாள். தசமத்துக்கு எண்களைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது, அந்தப் பகுதியை இதுவரை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஒன்றாம் இயந்திரம்: தூசி தட்டினேன். இரண்டாம் இயந்திரம்: பட்டை இறுக்கினேன். மூன்றாம் இயந்திரம்: எண்ணெய் போட்டேன். நான்காம் இயந்திரம்: எண்ணெய் தேவையில்லை. ஆனாலும் போட்டேன்.

அடுத்த பக்கம். நான்காம் இயந்திரம்: எண்ணெய் தேவையில்லை. ஆனாலும் போட்டேன்.

அதற்கடுத்த பக்கம். எண்ணெய் தேவையில்லை. ஆனாலும் போட்டேன்.

ஐம்பத்திரண்டு பக்கத்திலும் அதே வரி. பொய் எழுதத் தெரியாத மனுஷர், தேவையில்லாமல் வந்து நின்ற ஒவ்வொரு நாளையும் அரசாங்க ரிஜிஸ்டரில் ஒழுங்காகப் பதிவு பண்ணி வைத்திருந்தார். பச்சை மை அக்காவுக்கு நாற்காலி நான்கு விரல் உயரம் எழும்பின மாதிரி இருந்தது. பாய்ந்து ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தலாமா என்று தோன்றியது.

"என்னம்மா மொத்தம்?"

"பூஜ்யம் சார்" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அந்தச் சொல்லை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தசமம் தம் மேசையிலிருந்த ஏழாவது இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். "முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம்" என்று முணுமுணுத்தபடி கட்டைகளை அழுத்தினார். "சார், வேண்டாம் சார்!" என்று அவள் எழுந்திருப்பதற்குள் வகுத்தலை அழுத்திவிட்டார். எட்டாவது ஓட்டம் தொடங்கியது. காகிதக் கட்டுகள் சரிந்தன, மூக்குக்கண்ணாடி நுனிமூக்குக்கு வந்தது. "நிறுத்து! நிறுத்து!" என்று இயந்திரத்தையே அதட்டினார். மெக்கானிக் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார். பின்னாலேயே வானொலியும் மற்ற நால்வரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சனியன்!" தசமம் மூச்சு வாங்கினார். "எதுக்கு இந்த மெஷினு? பூஜ்யத்தோட சேர்ந்தா எல்லாம் பூஜ்யம்தான், இது எனக்குத் தெரியாதா?" படிவத்தின் கட்டத்தில் 0.00 என்று அழகாக எழுதினார். "பூஜ்யம் நாற்பதைவிடக் கம்மி. இவர் இங்கயே இருக்கலாம். எனக்கும் புது ஆளைத் தேடற வேலை மிச்சம். டிக் போடும்மா."

வாசலில் வானொலி கைதட்டியே விட்டாள். ஒரு டிக். பச்சை மையில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே ஒரு டிக். மெக்கானிக் போக மாட்டார், திங்களும் வியாழனும் வருவார், நான்காம் இயந்திரத்துக்குத் தேவையில்லாத எண்ணெய் கிடைத்துக்கொண்டே இருக்கும். அவள் பேனாவைத் திறந்தாள். படிவத்துக்குப் பக்கத்தில் ரிஜிஸ்டர் திறந்தபடி கிடந்தது, திங்கட்கிழமை அவர் போட்ட ஆறு பூஜ்யமும் தெரிய.

பேனாவை மூடினாள்.

"போட முடியாது சார். பெருக்கினா அப்படி. இது வகுத்தல். விடை பூஜ்யம்னா, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால திருப்பிப் பெருக்கினா முந்நூத்திப் பன்னிரண்டு வரணும். வராது. நாப்பதுன்னு போட்டாலும் வராது, கோடின்னு போட்டாலும் வராது. எதைப் போட்டுப் பெருக்கினாலும் பூஜ்யம்தான் வரும். இதுக்கு விடையே இல்ல சார்."

"அக்கா, கெடுத்தியே!" என்றாள் வானொலி.

"ஏம்மா, இவர் இங்க இருந்தா உனக்கென்ன கஷ்டம்?" தசமம் எரிந்து விழுந்தார்.

"எனக்கா?" பச்சை மை அக்கா எழுந்து நின்றாள். "இவர் இருக்கணும்னு இந்தக் கட்டடத்துல என்னைவிட யாருக்கு ஆசை? இவருக்காக நான் கண்ணை மூடிக்கிட்டுப் பூஜ்யத்தால வகுத்தேன் சார். ஆறு மெஷினையும் ஓட விட்டோம். அப்பவும் இவர் பொய் எழுதல. இவர் எழுதாத பொய்க்கு நான் டிக் போட்டா, அப்புறம் திங்கக்கிழமை இவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

மெக்கானிக் கையிலிருந்த திருப்புளி நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவும் இல்லை, கீழே பார்க்கவும் இல்லை.

"அப்ப நான் என்னத்தைத்தான் எழுதறது? கட்டத்தைக் காலியா விடக் கூடாதே, கோடும் போடக் கூடாதே!" என்றார் தசமம், அழாத குறையாக.

"விடை இல்லைன்னு எழுதுங்க சார். எழுத்தால எழுதுங்க."

தசமம் தம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கட்டத்தில் எண் இல்லாமல் எழுதினார். அதற்குப் பச்சை டிக் விழுந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் அவள் நகத்தைக் கடித்துத் தீர்த்தாள். திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தசமத்தின் தொலைபேசி அலறியது. அவர் கேட்டார், கேட்டார், முகம் மலர மலரக் கேட்டார். வைத்துவிட்டு நீள அறைக்கு ஓடியே வந்தார்.

"தலைமை அலுவலகத்துல நம்ம படிவத்தை நம்பலையாம்! பெரிய அதிகாரி, நான் போடறேன் பார்னு அவர் மெஷின்ல போட்டாராம். ஓடுதாம்! மத்த மெஷின்ல போட்டுப் பார்த்தாங்களாம். அதுவும் ஓடுதாம்! நாலு மெஷின் பாதிச் சுத்துல நிக்குது. அவங்க மெக்கானிக்கை இதே சுற்றறிக்கைப்படி போன வாரம்தான் மலைக்கு அனுப்பினாங்களாம்!"

அறை சிரித்த சிரிப்பில் முதல் மாடிக்காரர்கள் மறுபடியும் தெருவுக்குப் போனார்கள்.

"வாரம் ஒரு நாள் நம்மாளு அங்க போய்ப் பார்க்கணுமாம். மத்தபடி இங்கயேதான். சுற்றறிக்கையையும் வாபஸ் வாங்கிட்டாங்க" என்றார் தசமம். "விடை இல்லைங்கறது சரியான விடையாம். ரெண்டு இலக்கம் மட்டும் சேர்த்திருக்கலாம்."

மெக்கானிக் தம் வேலையைப் பார்த்தார். ஒன்றாம் மேசை, இரண்டாம் மேசை, மூன்றாம் மேசை. நான்காம் மேசைக்கு வந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. எண்ணெய் விட்டார், துடைத்தார், ரிஜிஸ்டரைத் திறந்து நிதானமாக எழுதினார், அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"சரிபார்க்கணும் மேடம்."

அவள் குனிந்து படித்தாள்.

'நான்காம் இயந்திரம். பழுது: 0. எண்ணெய் தேவையில்லை. ஆனாலும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை இவர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசலாம் என்றிருக்கிறேன்.'

பச்சை மை அக்கா அந்த வரியை ஒரு தடவை படித்தாள். வழக்கப்படி இன்னொரு தடவை திருப்பிப் படித்தாள். பேனாவைத் திறந்து, வரியின் ஓரத்தில் பச்சை மையில் ஒரு டிக் போட்டாள். அது கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. அடுத்த இரண்டு வரியையும் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் மேசையிலிருந்து கழுத்தை நீட்டிப் படித்துவிட்ட வானொலி வீறிட்டாள்.

"அண்ணே அண்ணேன்னு ரெண்டு வருஷம் தொண்டை கிழியக் கூப்பிட்டது வீண்போகலடி! இனிமே இவ எனக்கு அக்கா இல்ல, அண்ணி!"

"வாயை மூடு!" என்று பச்சை மை அக்கா அவளை அடிக்கத் திரும்பினாள். முழங்கை போய் வகுத்தல் கட்டையில் பட்டது. எண் ஒன்றும் போடாத வெறும் இயந்திரம். பூஜ்யம் வகுத்தல் பூஜ்யம். நான்காம் இயந்திரம் ஒரு தடவை முனகிவிட்டுத் தட தடவென்று ஓட ஆரம்பித்தது. பேனா உருண்டது, ரிஜிஸ்டர் துள்ளியது, மேசை நகர்ந்தது.

"ஐயோ, பிளக்கு, பிளக்கு!" என்றாள் அவள்.

"ஓடட்டும் விடுங்க" என்றார் மெக்கானிக்.